சோற்றுக்குத் திரை இல்லை: வடலூர் தைப்பூசப் பயணம்

10 பிப்ரவரி 2025, திங்கள். ஈரோடு – வடலூர்

தைப்பூசம் என்றால் கொங்கு நாட்டில் பழனிதான். தை பிறந்ததிலிருந்தே ரோட்டோரம் பாதயாத்திரைக் கூட்டம், காவடி, வழிநெடுக மோர்ப்பந்தல். எங்கள் பெரியம்மா மட்டும் எதிர்த் திசையில் பஸ் ஏறுவார். அவருக்கு வடலூர், இராமலிங்க வள்ளலார் ஜோதி வழிபாட்டைத் தொடங்கிய ஊர். பெரியப்பா போன பிறகு வள்ளலார் வழியில் நடக்கிற ஒரு சன்மார்க்க சங்கத்தில் சேர்ந்தவர், அன்றோடு கறி மீனை விட்டார். பூஜை அறையில் இருந்த படங்களை எல்லாம் எடுத்துவிட்டு ஒற்றை விளக்கை மட்டும் வைத்திருக்கிறார். இந்த வருடம் மூட்டுவலி. "கண்ணு, நீ கூட வந்தியின்னா தைரியமா போயிட்டு வந்துருவேன்" என்றார். ஆபீஸில் லீவு சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

சேலம், ஆத்தூர் வரைக்கும் சாதாரணப் பயணம். விருத்தாசலத்தில் பஸ் மாறியதும் சூழல் மாறிவிட்டது. ஏறுகிறவர்கள் பாதிப் பேர் வெள்ளைத் துணியில், சிலர் தலையையும் வெள்ளையால் மூடியிருந்தார்கள். உட்கார இடமில்லை. காதில் இயர்போன் மாட்டியிருந்த கல்லூரிப் பையன் ஒருவன், யாரும் கேட்காமலே எழுந்து பெரியம்மாவுக்கு இடம் கொடுத்துவிட்டுப் படிக்கட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டான். நெய்வேலி தாண்டும்போது அனல்மின் நிலையப் புகைபோக்கிகள் தெரிந்தன. வெயில் நல்ல வெயில். ரோடு வேலை நடக்கிற இடங்களில் புழுதி அப்பியது.

வடலூரில் இறங்கியதும் சிக்கல். போனில் 900 ரூபாய் என்று பேசி வைத்திருந்த அறைக்கு, வாசலில் வைத்து 2,500 கேட்டார்கள். "ஜோதி நாளு மேடம், இன்னிக்கு எல்லா இடத்திலயும் இதான் ரேட்டு." மனிதர்கள் இப்படித்தான் என்று ஒத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. பசித்தவனிடம் எதுவும் கேட்காமல் சோறு போட்ட ஒருவரின் திருவிழாவை வைத்துக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு வாடகை. பெரியம்மா சண்டை போடவில்லை. "வா கண்ணு, சங்கத்துப் பந்தல்ல படுத்துக்கலாம்" என்று பையைத் தூக்கிவிட்டார். விழுப்புரம் பக்கத்துச் சங்கம் ஒன்றின் தகரக் கொட்டகையில் எங்களுக்கு இரண்டு பாய் கிடைத்தது. ஒரு பெரியவர் தன் போர்வையையும் பெரியம்மாவிடம் கொடுத்துவிட்டு, "எனக்குத் துண்டு போதும்மா" என்றார்.

ராத்திரிச் சாப்பாடு, வருகிற எல்லோருக்கும் சோறு போடும் தருமச்சாலையில். சோறு, சாம்பார், கூட்டு, மோர். வரிசையாகத் தரையில் உட்கார்ந்தோம். பரிமாறிய பையனுக்கு இருபது வயதிருக்கும். என் தட்டைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் வாங்கிக்கங்க அக்கா, வெட்கப்படாதீங்க" என்றான். கெஞ்சுகிற குரல்தான் அது. கல்யாண வீடுகளில் கூட இப்போது அந்தக் குரல் இல்லை, தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நாமே போய் எடுத்துக்கொள்கிறோம்.

இந்தச் சாலையை வள்ளலார் தொடங்கியது 1867 மே 23-ல். பஞ்சமும் பட்டினியும் சனங்களை வாட்டிய காலம். பார்வதிபுரம் மக்கள் எண்பது காணி நிலத்தைக் கொடுத்தார்கள். அன்று மூட்டிய அடுப்பு இன்று வரை அணையவில்லை என்று எல்லோரும் படித்திருப்போம். நான் அதை ஒரு கதையாகத்தான் எடுத்து வைத்திருந்தேன். சாப்பிட்டு முடித்ததும் பெரியம்மா கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். தரையோடு தரையாக நீளமான அடுப்பு, இருபத்தோரு அடி என்கிறார்கள். வரிசையாக அண்டாக்கள். கிட்டப் போனதும் முகத்தில் சூடு அறைந்தது. லுங்கியை மடித்துக் கட்டிய ஒருவர் நீளமான கம்பியால் கட்டையை உள்ளே தள்ளினார், தீப்பொறி கிளம்பியது, சாம்பலை ஒதுக்கினார், வேர்வையைத் துடைத்துக்கொண்டு அடுத்த அண்டாவுக்குப் போய்விட்டார். நூற்றைம்பது வருடத்துக்கும் மேலாக யாரோ ஒருவர் தினமும் இந்த வேலையைச் செய்திருக்கிறார். எனக்குக் கும்பிடத் தோன்றியது அந்த ஆளைத்தான்.

11 பிப்ரவரி, செவ்வாய். ஜோதி தரிசனம்

விடிவதற்கு ரொம்ப முன்பே எழுப்பிவிட்டார்கள். பனி கொட்டியது. கட்டணக் கழிப்பிடத்தில் பத்து ரூபாய், வாளித் தண்ணீர் ஐஸ் மாதிரி. வெளியே ஒரு கடையில் கரிசாலை பால் பத்து ரூபாய்க்கு விற்றார்கள். கரிசலாங்கண்ணிப் பொடி போட்டுக் காய்ச்சியது. முதல் வாயில் தழை வாசனை, அப்புறம் பிடித்துவிட்டது. டீ காபிக்குப் பதிலாக சன்மார்க்கிகள் இதைத்தான் குடிக்கிறார்கள்.

ஜோதி வழிபாட்டுக்காக வள்ளலார் கட்டிய ஞான சபை எட்டுக் கோண மண்டபம். 1872 ஜனவரி 25, தைப்பூசத்தன்று முதல் ஜோதி தரிசனம் நடந்தது. இது 154-வது ஆண்டு. உள்ளே ஏழு திரைகள்: கருப்பு, நீலம், பச்சை, சிவப்பு, பொன், வெள்ளை, கடைசியில் எல்லா நிறமும் கலந்தது. மாதப் பூசத்தில் ஆறு திரையைத்தான் விலக்குவார்கள். தைப்பூசத்தில் மட்டும் ஏழும் விலகும். காலை 6 மணி, 10 மணி, பகல் 1, இரவு 7, 10, மறுநாள் காலை 5.30 என்று ஆறு காலம்.

சபையின் நுழைவில் ஒரு அறிவிப்பு இருக்கிறது. கொலை, புலை தவிர்த்தவர்கள் மட்டும் உள்ளே புக வேண்டும். அதாவது, உயிரைக் கொல்லாதவர்கள், புலால் உண்ணாதவர்கள். நான் மீன் சாப்பிடுகிறவள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் மீன்குழம்பு இல்லாமல் இருக்காது. இதைப் பற்றிப் பெரியம்மாவிடம் முன்பே சொல்லிவிட்டேன்: "நான் வெளியவே நின்னு பாத்துக்கறேன்." வற்புறுத்துவார் என்று நினைத்தேன். "சரி கண்ணு, அதான் நேர்மை" என்றார்.

வெளியே, பெருவெளி என்கிற மைதானத்தில் நின்றேன். சரியாக ஆறு மணிக்கு மணிச் சத்தம். "அருட்பெருஞ்ஜோதி, அருட்பெருஞ்ஜோதி, தனிப்பெருங்கருணை, அருட்பெருஞ்ஜோதி" என்று அத்தனை பேரும் ஒரே குரலில். முன்னால் இருந்த தலைகளுக்கு மேலே நிறங்கள் ஒவ்வொன்றாக விலகுவது தெரிந்தது. கடைசியில் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு வெளிச்சம். சில நொடிதான். பக்கத்தில் நின்றவர் தோளில் இருந்த குழந்தை "லைட்டு" என்றது. உருவம் இல்லை, அலங்காரம் இல்லை, நைவேத்தியம் இல்லை. வள்ளலாருக்குப் பின்னால் வந்தவர்கள் இடையில் லிங்க வழிபாட்டையெல்லாம் உள்ளே கொண்டுவந்தார்கள். 2006-ல் அறநிலையத் துறை அது கூடாது, ஜோதி வழிபாடு மட்டும்தான் என்று உத்தரவு போட்டது. 2010-ல் சென்னை உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. உருவத்தை விலக்கிய ஒருவரின் இடத்தில் உருவம் வந்து உட்கார்ந்துகொள்ள எவ்வளவு குறைந்த காலம் போதுமாக இருந்திருக்கிறது!

வெளியே நின்றது எனக்கு அவமானமாக இல்லை. ஏன் என்று நாள் முழுக்க யோசித்தேன். பிறப்பை வைத்து மனிதரை வாசலில் நிறுத்திய கோயில்கள் இந்த நாட்டில் ஏராளம். அந்த வாசலில் நின்றவரால் எதையும் மாற்றிக்கொள்ள முடியாது. இந்த வாசல் கேட்பது நான் யார் என்று இல்லை, நான் என்ன செய்கிறேன் என்று. நாளைக்கே நான் விட்டுவிட்டால் நாளைக்கே உள்ளே போகலாம். நேற்று ராத்திரி சாப்பிட்ட சாலையிலோ அந்தக் கேள்வி கூட இல்லை. எந்தச் சாதி, எந்த மதம், கறி தின்பவரா, குடிப்பவரா, எதுவும் கிடையாது. பசித்திருந்தால் போதும். தரிசனத்துக்கு ஒழுக்கத்தைக் கேட்டவர், சோற்றுக்கு எதையும் கேட்கவில்லை. மதத்தை இதைவிடச் சரியாக வரிசைப்படுத்தியவர் யாரையும் நான் பார்த்ததில்லை. நம்மில் பல பேர் தலைகீழாக வைத்திருக்கிறோம். பணம் இருந்தால் தரிசனம் சீக்கிரம் கிடைக்கும், உதவி கேட்டு வருகிறவரிடம் மட்டும் ஆயிரம் கேள்வி கேட்போம்.

பகலில் வெயில் ஏறியதும் ஊர் முழுக்க அன்னதானம். பத்தடிக்கு ஒரு பந்தல். சாம்பார் சாதம், எலுமிச்சை சாதம், கேசரி, தர்பூசணித் துண்டு. "வாங்கம்மா, வாங்கய்யா, சாப்பிட்டுப் போங்க" என்று கையைப் பிடித்து இழுக்காத குறை. சில பந்தல்களில் கொடுத்தவரின் முகம் பிளெக்ஸில் வள்ளலாரை விடப் பெரிதாக இருந்தது. அதை நான் ரசிக்கவில்லை. பெரியம்மாவோ, "போடற சோத்தைப் பாரு, போட்டாவைப் பாக்காத" என்று நகர்த்திக்கொண்டு போனார்.

பிரச்சினை தரையில் இருந்தது. பாக்குமட்டைத் தட்டு, காகிதத் தட்டு, பிளாஸ்டிக் டம்ளர். பாதித் தட்டுகளில் சோறு அப்படியே. இலவசம் என்பதால் வாங்கி, ஒரு வாய் வைத்து, அடுத்த பந்தலில் கேசரி தெரிந்ததும் போட்டுவிட்டுப் போகிறார்கள். தூய்மைப் பணியாளர் அம்மா ஒருவர் சாக்கில் அள்ளிக்கொண்டிருந்தார். கையுறை ஒரு கையில்தான் இருந்தது. நான் பக்கத்தில் கிடந்த தட்டுகளைப் பொறுக்கிக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் வாங்கிக்கொண்டார். அப்புறம் சொன்னார்: "சோறு போட எல்லா ஊர்லேர்ந்தும் வராங்கம்மா. தட்டு பொறுக்க நாங்கதான்." குரலில் கோபம் எதுவும் இல்லை. சாப்பிட்டீர்களா என்று கேட்டேன். "கூட்டம் கொறையட்டும்" என்றார்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு வெள்ளைத் தலைப்பாகைப் பெரியவர் தன் பந்தலுக்குள் போய், பெஞ்சில் இடம் ஒதுக்கி, "அம்மா, நீங்க மொதல்ல ஒக்காருங்க, சாக்கை நான் பாத்துக்கறேன்" என்று அவரையும் கூட இருந்த இரண்டு பேரையும் உட்கார வைத்தார். தானே பரிமாறினார். அவர்கள் சாப்பிட்டு எழும் வரை, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்தச் சாக்கைப் பிடித்துத் தட்டுகளை அள்ளினார். இரண்டு பையன்களும் சேர்ந்துகொண்டார்கள். கால் மணி நேரத்தில் அந்த இடம் தரை தெரிந்தது. ஜோதியைச் சரியாகப் பார்க்க முடியவில்லையே என்று காலையில் எனக்கு இருந்த குறை அங்கே போய்விட்டது.

நான் வருடக் கடைசியில் ஒரு டிரஸ்டுக்கு ஜிபேயில் பணம் போடுகிறவள். ரசீது மெயிலில் வரும், வருமான வரிக்குக் காட்டுவேன். அதில் தப்பு ஒன்றும் இல்லை, அந்தப் பணம் யாருக்கோ சாப்பாடாகத்தான் போகிறது. ஆனால் அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்ட யாருடைய முகமும் எனக்குத் தெரியாது. அவருக்கு அன்று சாம்பார் பிடித்ததா, இன்னும் கொஞ்சம் கேட்கத் தயங்கினாரா, எதுவும் தெரியாது. ஜீவகாருண்யமே மோட்ச வீட்டின் திறவுகோல் என்றார் வள்ளலார். அடுத்த உயிரின் பசியைப் பார்த்து நமக்கு உருக வேண்டும். பார்க்காமல் எப்படி உருகும்?

ராத்திரி பத்து மணித் தரிசனத்துக்குப் பெருவெளியில் நிற்க இடமில்லை. இந்த மைதானத்தில்தான் வள்ளலார் சர்வதேச மையம் கட்ட 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். ஏப்ரலில் பார்வதிபுரம் மக்கள் எதிர்த்து இறங்கினார்கள், விஷயம் நீதிமன்றத்துக்கும் போனது. மையம் வரட்டும், வேறு இடத்தில் வரட்டும். சனங்கள் நின்று பார்க்க வேண்டும் என்று வெறுமையாக விட்ட இடம் இது. அன்று ராத்திரி அங்கே நின்றவர்கள் யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

12 பிப்ரவரி, புதன். சிதம்பரம் போய்த் திரும்பியது

பெரியம்மாவுக்கு நடராஜரைப் பார்க்க ஆசை. வள்ளலார் சிதம்பரத்தைப் பூர்வ ஞான சிதம்பரம் என்றும் வடலூரை உத்தர ஞான சிதம்பரம் என்றும் சொன்னவர், அதனால் அங்கே போனால்தான் முழுமை என்றார். பஸ்ஸில் போய், கும்பிட்டு, மத்தியானத்துக்குள் திரும்பினோம். இட்லிக்குக் கத்திரிக்காய் கொத்சு நன்றாக இருந்தது. ஈரோட்டில் அந்தப் புளிப்பும் காரமும் சேர்ந்த ருசி கிடைக்காது.

சாயங்காலம் தருமச்சாலைத் திண்ணையில் ஒரு பாட்டியோடு உட்கார்ந்திருந்தேன். கைப்பையில் இரண்டு புடவை, ஒரு மருந்துச் சீட்டு. கும்பகோணம் பக்கம். மகன் வெளியூரில் நல்ல வேலையில் இருக்கிறானாம், போன் பண்ணுவானாம். இங்கே வந்து வருடக்கணக்காகிறது. கோபமாகவோ புலம்பலாகவோ அவர் எதையும் சொல்லவில்லை. "அவங்க வீட்டுலயும் சோறு இருந்துச்சு கண்ணு. டேபிள்ல மூடி வச்சிட்டு ரெண்டு பேரும் வேலைக்குப் போயிருவாங்க. தனியா ஒக்காந்து சாப்பிட்டா சோறு எறங்க மாட்டேங்குது. இங்க பந்தியில ஒக்காந்தா எறங்குது."

சாப்பாட்டு மணி அடித்தது. "வா, என் பக்கத்துல ஒக்காரு" என்று என் கையைப் பிடித்தார். நல்ல பசி இல்லை, ஆனாலும் உட்கார்ந்தேன். பரிமாறுகிற பையன் அவரிடம், "ஆயா, இன்னிக்கு மாத்திரை போட்டியா?" என்று கேட்டுவிட்டுத்தான் குழம்பு ஊற்றினான்.

1867-ல் பசி என்றால் வயிற்றுப் பசி. இன்றும் அது இல்லாமல் போகவில்லை, சாலையில் ஒவ்வொரு வேளையும் அதற்காகவே வருகிறவர்கள் இருக்கிறார்கள். ஆனால் சோறு இருந்தும் கூட உட்கார ஆள் இல்லாதவர்கள் எத்தனை பேர்! எங்கள் தெருவிலேயே நான்கு வீடு சொல்வேன். பிள்ளைகள் பெங்களூரிலும் பாஸ்டனிலும். கேமரா வைத்து அப்பா அம்மாவைப் பார்த்துக்கொள்கிறார்கள். அந்தப் பிள்ளைகளைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை, அவர்களும் தவித்துக்கொண்டுதான் இருப்பார்கள். பக்கத்து வீட்டில் இருக்கிற எனக்கு என்ன வந்தது என்பதுதான் என் கேள்வி.

13 பிப்ரவரி, வியாழன். மேட்டுக்குப்பம்

பூசத்துக்கு இரண்டாம் நாள், வள்ளலார் கடைசியாகப் போன அறையைப் பார்க்கும் திருஅறை தரிசனம். வடலூரிலிருந்து வள்ளலார் படம் தாங்கிய பல்லக்கு காலையில் கிளம்பிக் கருங்குழி வழியாக மேட்டுக்குப்பம் போகிறது. பெரியம்மாவுக்கு நடக்க முடியாது என்பதால் ஷேர் ஆட்டோ, தலைக்கு முப்பது ரூபாய். வழியில் கிராமத்து ஆட்கள் தட்டில் பழமும் தேங்காயும் வைத்துக்கொண்டு பல்லக்குக்காகக் காத்திருந்தார்கள். ஒரு வீட்டு வாசலில் ஆட்டோவை நிறுத்தி எல்லோருக்கும் பானகம். டிரைவர் இறங்கி வாங்கிக் குடித்துவிட்டு, "இன்னிக்கு இந்த ரோட்ல பைசா செலவில்லாம வயிறு ரொம்பிரும்" என்று சிரித்தார்.

1874 ஜனவரி 30 இரவு இந்தச் சித்திவளாகத்து அறைக்குள்தான் வள்ளலார் போனார், கதவு பூட்டப்பட்டது. பிறகு யாரும் அவரைப் பார்க்கவில்லை. 1878-ல் தென்னாற்காடு மாவட்டக் கையேட்டை எழுதிய கார்ஸ்டின் என்ற ஆங்கில அதிகாரியும் இதைக் குறித்து வைத்திருக்கிறார். ஒளியாகிவிட்டார் என்று பெரியம்மா முழுதாக நம்புகிறார். எனக்கு அந்த நம்பிக்கை வரவில்லை. இதை வைத்து எங்களுக்குள் வாக்குவாதம் வந்ததும் இல்லை. அடுப்பு எரிகிறது, அது எங்கள் இரண்டு பேருக்குமே போதுமானதாக இருக்கிறது.

திருஅறையின் ஜன்னல் பகல் பன்னிரண்டுக்குத் திறந்தது. வரிசை மெல்ல நகர்ந்தது. தள்ளுமுள்ளு இல்லை. வெயிலில் ஒரு அம்மா மயங்கி உட்கார்ந்தபோது வரிசை தானாக வழி விட்டது, நான்கைந்து தண்ணீர் பாட்டில்கள் ஒரே நேரத்தில் நீண்டன.

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. விருத்தாசலம் தாண்டியதும் பெரியம்மா கேட்டார்: "மீனை விடப் போறியா?"

"தெரியல பெரியம்மா. பூசத்தன்னிக்கு வேண்டாம்னு வச்சிக்கறேன், அப்புறம் பாக்கலாம்."

"போதும். எங்க சங்கத்துல மாசப் பூசத்துக்கு முப்பது பேருக்குச் சமைக்கிறோம். வெங்காயம் அரிய ஆள் இல்ல. வர்றியா?"

வருகிறேன் என்றேன். எங்கள் தெருவில் அந்த நான்கு வீட்டுப் பெரியவர்களையும் ஆட்டோ வைத்துக் கூட்டி வரலாமா என்று கேட்டதற்கு, ஆட்டோவுக்குப் பாதி காசு சங்கம் போடும் என்றார். இலைக்கும் காகிதத் தட்டுக்கும் பதிலாக எவர்சில்வர் தட்டு முப்பது வாங்க வேண்டும், ஈரோட்டில் மொத்தக் கடையில் என்ன விலை என்று விசாரிக்கச் சொல்லியிருக்கிறார். கழுவுவதை முறை வைத்துக்கொள்ளப் போகிறோம். முதல் மாதம் என் முறை. வடலூருக்கு அடுத்த பூசத்தில் போகிறவர்களும் வீட்டிலிருந்து ஆளுக்கு ஒரு தட்டும் டம்ளரும் எடுத்துக்கொண்டு போங்கள். பையில் பெரிய இடம் பிடிக்காது, கழுவக் குழாய் பல இடங்களில் இருக்கிறது.